நகையை அடகு வைத்து எம்.இ. படிக்கலாமா?

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. நீளமான கடிதம், முக்கியமானதை மட்டும் எடுத்துத் தருகிறேன்.

"அக்கா, நான் 2023-ல் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். 7.1 சிஜிபிஏ, அரியர் இல்லை. கேம்பஸில் எதுவும் கிடைக்கவில்லை. இப்போது இ-சேவை மையத்தில் மாதம் 9,000 சம்பளத்துக்கு இருக்கிறேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், வாரத்தில் மூன்று நாள்தான் கடல். நான் படித்த காலேஜ் சார் ஒருவர் எம்.இ. சேரச் சொல்லி தினமும் போன் பண்ணுகிறார். கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ். செமஸ்டருக்கு 45,000, ஹாஸ்டல் மெஸ் வருடத்துக்கு 70,000, மற்ற செலவு ஒரு 30,000 ஆகும் என்கிறார். அம்மா எனக்காகச் சேர்த்த எட்டுப் பவுன் இருக்கிறது, அதை வைத்துப் படிக்கலாமா? சீட்டைப் பிடித்து வைக்க 10,000 கேட்கிறார்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்ததும் அதில் கட்டிவிடலாம் என்று அம்மா சொல்கிறார். பின்குறிப்பு: எம்.இ. சேர்ந்தால் ரெண்டு வருஷத்துக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் அக்கா."

இனி உனக்கு.

நான் அதே தீவில் அக்காள்மடம், நீ தங்கச்சிமடம். நீ என்னை அக்கா என்று கூப்பிட்டதற்கு ஊர்ப் பெயரே சாட்சி, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகையை வைக்காதே, அந்தப் பத்தாயிரத்தையும் கட்டாதே. எம்.இ.யே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எம்.இ.க்கான அகில இந்தியத் தேர்வான கேட் (GATE) எழுதாமல், கைக்காசைப் போட்டு, யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக இந்த வருடமே போய் உட்காருகிற எம்.இ. உனக்கு வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நீ எழுதியதைக் கூட்டினால் மூன்றரை லட்சம் வருகிறது. கட்டணம் 1,80,000, விடுதியும் சாப்பாடும் 1,40,000, மிச்சம் 30,000. சரி, வட்டி எங்கே? வங்கியிலேயே வைத்து, நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை லட்சத்துக்கு வருடம் 35,000, இரண்டு வருடத்துக்கு 70,000. செமஸ்டருக்குச் செமஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் குறையுமே என்பாய், குறையும்தான், ஆனால் படிப்பு முடிந்த மறுநாளே யாரும் நகையைத் திருப்பிவிடுவதில்லை, வேலை தேடுகிற மாதங்களுக்கும் வட்டி ஓடும், ஆகவே அந்த 70,000 அப்படியே இருக்கட்டும். அப்புறம் நீ செலவுக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காத ஒன்று, இப்போது வாங்கிக்கொண்டிருக்கிற 9,000. சின்னச் சம்பளம்தான், ஆனாலும் 24 மாதத்துக்கு 2,16,000 ஆகிறது. எல்லாம் சேர்த்தால் 6,36,000 ரூபாய்.

இதற்கு வரவு என்ன? எம்.இ. முடித்ததால் மட்டுமே, பி.இ.யோடு இருந்தால் கிடைக்கிறதைவிட மாதம் 5,000 கூடுதலாகக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 6,36,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 127 மாதம். பத்தரை வருடத்துக்கு மேல். போட்ட காசு திரும்பி வரும்போது உனக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அதுவும் அந்த 5,000 உண்மையிலேயே கிடைத்தால். பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவர்களின் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது, எம்.இ. என்றால் அதன்மேல் கொஞ்சம் போட்டுத் தருவார்கள், தராமலும் இருப்பார்கள். அதே இரண்டு வருடத்தை ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்துக் கழித்தவள் இதற்குள் அடுத்த கம்பெனிக்கு மாறி உன்னைத் தாண்டிப் போயிருப்பாள்.

அப்பாவிடம் கேட்டுப் பார். கடலுக்குப் போக டோக்கன் வாங்குவதற்கு முன்னாலேயே டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்காமல் எந்த முதலாளியும் படகை விடமாட்டார். மீன்பாடு இல்லாமல் கரைக்கு வந்தாலும் எரிந்த டீசல் எரிந்ததுதான்.

அந்த சார் கலாம் கதையைச் சொன்னார் என்றும் கடிதத்தின் நடுவில் எழுதியிருந்தாய். சொல்லாமல் இருப்பாரா? நம் தீவில் படிப்புக்கு யார் கடன் கேட்டாலும் முதலில் வருவது அந்தக் கதைதான். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாமல் இருந்தபோது அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நடந்ததுதான், எனக்கும் அதைப் படிக்கும்போது தொண்டை அடைக்கும். ஆனால் 1950-களில் விமானப் பொறியியல் சொல்லித்தந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேறு எங்கும் கிடைக்காத ஒரு நாற்காலிக்காகப் போன வளையல் அது. உனக்குக் காட்டுகிற நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அதனால்தான் தினமும் போன் வருகிறது.

அந்த சாரைத் தப்பாகவும் நினைக்காதே. தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர்களுக்கே இத்தனை பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்று டார்கெட் வைக்கிறார்கள், சேர்க்காவிட்டால் சம்பளத்தில் கைவைப்பதும் உண்டு. அவர் எம்.இ. முடித்தவர்தானே? முடித்துவிட்டு மே மாத வெயிலில் மாணவர்களுக்கு ஏன் போன் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நீ ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டாய்.

நானும் அந்த வேலையைப் பார்த்தவள்தான். 2011-ல் எம்.இ. முடித்தேன், அம்மாவின் சங்கிலியை வைத்துத்தான். வகுப்பில் பேர் பதிந்தவர்கள் பதினெட்டு, வருகிறவர்கள் நான்கைந்து பேர். இரண்டாம் வருடம் ப்ராஜெக்ட் என்று மதுரையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 6,000 கொடுத்து வாங்கினேன், ஒரு சிடி, ஒரு பைண்டிங் புத்தகம், வைவாவில் என்ன கேட்பார்கள் என்று இரண்டு பக்கத்தில் பதிலும் எழுதியே கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். சேர்கிற அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். வேறு வேலைக்கு நேர்காணல் வந்தால் ஒரு நாளைக்கு அதைக் கேட்டு வாங்குவதற்குள் அந்த வேலையே போய்விடும். மூன்று வருடம் கழித்து வெளியே வந்து, சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் என்னைவிட ஐந்து வயது சின்னப் பிள்ளைகளோடு ஃப்ரெஷராகச் சேர்ந்தேன். சங்கிலியைத் திருப்ப அதன்பிறகும் ஒரு வருடம் ஆனது. இடையில் எத்தனை முறை வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்தோம் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். கழுத்து வெறுமையாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், "உப்புக்காத்துக்குக் கறுக்குது, கழட்டி வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது ஆள் எடுக்கிற நேர்காணல்களில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். போன மாதம் ஒரு பையன், எம்.இ., ப்ராஜெக்ட் தலைப்பே ஒரு முழு வரி. "உன் ப்ராஜெக்ட் டேட்டாபேஸில் எத்தனை டேபிள் இருக்குப்பா?" என்றேன். முழித்தான். பிறகு மெதுவாக, "சென்டர்ல குடுத்தாங்க மேம்" என்றான். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

சரி, கேட் விஷயத்துக்கு வருகிறேன். முழுக் கடிதத்திலும் நீ கேட்டிருக்க வேண்டியது இதைத்தான், அதை ஒரு வரியில்கூட எழுதவில்லை. கேட் தேர்ச்சியோடு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை, 24 மாதத்துக்கு. கூட்டினால் 2,97,600. அரசுக் கல்லூரி, என்ஐடி என்று இல்லை, அங்கீகாரம் இருக்கிற தனியார் கல்லூரிக்கும் இது பொருந்தும். அதாவது அதே கல்லூரி, அதே பெஞ்ச், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அரசாங்கம் மூன்று லட்சம் கொடுக்கிறது, நீ எட்டுப் பவுனை வைக்கிறாய். உன் மூன்றரை லட்சச் செலவில் அதைக் கழித்தால் மீதி 52,400. அதற்கு நகைப்பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பணம் மாதாமாதம் முதல் தேதி வந்துவிடும் என்று நம்பி உட்காராதே, தாமதமாகும். கல்லூரி உன் பெயரைக் காலத்தில் இணையதளத்தில் பதிய வேண்டும், சேருகிறதுக்கு முன் சீனியர்களிடம் "உங்களுக்கு ஸ்டைபெண்ட் வந்ததா, எந்த மாதம் வந்தது?" என்று கேட்டுக்கொள். பதிலுக்கு வாரத்தில் எட்டுப் பத்து மணி நேரம் ஆய்வக வேலை, வகுப்பு வேலை பார்க்கச் சொல்வார்கள். நல்லதுதான்.

கேட் ஒன்றும் ஆகாயத்தில் இல்லை. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொதுத்திறன், நீ இ-சேவையில் தினமும் போடுகிற மனக்கணக்கு மாதிரிதான். மீதி எல்லாம் நீ பி.இ.யில் படித்த பாடங்கள், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டிபிஎம்எஸ், நெட்வொர்க், கூடவே டிஸ்கிரீட் கணக்கு. அங்கே பரீட்சைக்கு எழுதி மறந்ததை இங்கே புரிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம், அந்த வித்தியாசம் பெரியதும்கூட. என்பிடெல் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, ஐஐடி ஆசிரியர்களே எடுப்பது. கோச்சிங் சென்டருக்கு ஐம்பதாயிரம் கட்டுகிற யோசனை வந்தால் அதையும் எனக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் கட்டு. விண்ணப்பம் பொதுவாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், ஆகவே தேர்ச்சி பெற்ற உடனே சேர்ந்தாக வேண்டும் என்கிற கட்டாயமும் கிடையாது. தேர்வு மையம் மதுரையில் போட்டுக்கொள். 2022 டிசம்பரிலிருந்து பாம்பன் பாலம் மூடி மண்டபத்தோடு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து மறுபடி தீவுக்குள் வருகிறது. நான் எழுதின காலத்தில் பஸ்ஸில் போய் வாந்தியெடுத்துவிட்டுத்தான் தேர்வு எழுதினேன்.

கேட் வராமலே, ஆனாலும் படித்தே ஆக வேண்டும் என்று ஒரு நிலை வந்தாலும் நகைக்கு முன்னால் கல்விக் கடனைப் பார். நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பதுதான் வங்கிகளின் பொது விதி, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டம் ஒன்றும் இருக்கிறது, ஆனால் பி.இ.க்கு ஒருமுறை வாங்கியிருந்தால் எம்.இ.க்குத் திரும்பக் கிடைக்காது. முதல் பட்டதாரிச் சலுகை பி.இ.யோடு முடிந்தது, அதையும் எதிர்பார்க்காதே.

எம்.இ. யாருக்கு உதவும் என்று கேட்டால், வாத்தியார் வேலைக்கு. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும், அது ஏஐசிடிஇ விதி. ஆய்வுக்குப் போகிறவர்களுக்கும் உதவும். ஐஐடி, என்ஐடி என்றால் அங்கே வருகிற கம்பெனிகளே வேறு, அது தனிக் கதை. நீ பாடம் நடத்த ஆசைப்படுகிறாய் என்றோ, ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றோ கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. வேலை வேண்டும் என்றுதான் இருக்கிறது. வேலைக்கு பி.இ. போதும். இஸ்ரோவின் கம்ப்யூட்டர் சயின்ஸ் விஞ்ஞானி பதவிக்கே பி.இ.யில் 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏதான் கேட்டு வந்திருக்கிறார்கள், உன் 7.1 அதற்குமேல்.

அப்புறம் நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இன்னொரு விஷயம். மையத்தில் எந்த விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து கேட்பதால், ரசீது எண்ணைப் போட்டால் நிலையைக் காட்டுகிற சின்ன வெப் பக்கம் ஒன்றை நீயே செய்து வைத்திருக்கிறாய், மையத்து அண்ணன் அதை அங்கே கம்ப்யூட்டரில் தினமும் திறந்து வைத்திருக்கிறார். அடி பிள்ளே, அது ப்ராஜெக்ட் இல்லாமல் வேறு என்ன? ஆறாயிரம் கொடுத்து நான் வாங்கினதை ஒரு மனுஷன்கூடப் பயன்படுத்தவில்லை. உன்னுடையதை தினம் ஐம்பது பேர் வரிசையில் நின்று பயன்படுத்துகிறார்கள். வருகிறவர்களின் பெயர், ஆதார் எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பொய்த் தகவலைப் போட்டு, அந்த நிரலை, நிரல்களைப் பொதுவில் வைக்கிற கிட்ஹப் தளத்தில் ஏற்று. எத்தனை டேபிள் என்று நான் கேட்டால் நீ முழிக்க மாட்டாய், ஏன் மூன்று வைத்தேன், நான்காவது எதற்கு வந்தது என்று அரை மணி நேரம் பேசுவாய். உன் ரெஸ்யூமில் அதை முதல் வரியாகப் போடு, எம்.இ. பற்றிய பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பின்குறிப்பு. கடிதத்திலேயே உண்மையான வரி அதுதான் என்று நினைக்கிறேன். மூன்றரை லட்சம் கொடுத்து நீ வாங்கப் பார்ப்பது இரண்டு வருட அவகாசம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் எம்.இ. படித்ததற்கும் பாதிக் காரணம் அதுவேதான், என்னோடு படித்த பெண்கள் பலருக்கும் முழுக் காரணமே அது. "பொண்ணு படிக்குது" என்றால் சொந்தக்காரர்கள் வாயை மூடுவார்கள், "பொண்ணு வேலை தேடுது" என்றால் மூட மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பார், அந்த எட்டுப் பவுன் உன் கல்யாணத்துக்கு என்று சேர்த்தது. அதை அடகு வைத்து அவகாசம் வாங்கினால், இரண்டு வருடம் கழித்து அதே பேச்சு வரும்போது நகையும் இருக்காது, கடனும் நிற்கும், வருகிற மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்ல உனக்கு இன்னும் தைரியம் குறைந்திருக்கும்.

அவகாசத்தைக் காசில்லாமல் கேள். பிப்ரவரியில் தேர்வு, அதுவரைக்கும் பேச்சு வேண்டாம் என்று அப்பாவிடம் நேராகவே சொல்லிப் பார். தேதி சொல்லிக் கேட்டால் அப்பாமார் ஒத்துக்கொள்வார்கள், அதுவும் பரீட்சைத் தேதி என்றால். தேர்ச்சி வந்தால் ஸ்டைபெண்டோடு படிப்பு, வராவிட்டால் மதுரையோ சென்னையோ வேலைக்குக் கிளம்பு, தொடக்கத்தில் 18,000 கொடுத்தாலும் போ. தங்குகிற இடம்தான் அவருக்குக் கவலை என்றால் வேலைக்குப் போகிற பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் சென்னைப் பக்கம் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன, முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போய் ஒருமுறை காட்டு. கடலுக்குப் போகாத நாளில் அவர் ஊரில்தானே இருக்கிறார்.

நிவாரணப் பணம் 8,000-ஐ அம்மா கையிலேயே விட்டுவிடு. 61 நாள் தடைக்காலத்தை வருமானம் இல்லாமல் ஓட்டின வீட்டுக்கு அரிசிக்கும் கறிக்கும் வந்த காசு அது, யாருடைய டார்கெட்டுக்கும் வந்ததில்லை.

கடைசியாக, ஊருக்கெல்லாம் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். என்ஐடி, ஐஐடி சேர்க்கையில் ஓபிசி ஒதுக்கீட்டுக்கு நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது, மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ் தனி. அதுவும் சேருகிற வருடத்து ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கினதாக இருக்க வேண்டும், ஆகவே இப்போது எடுத்து வைத்துப் பிரயோசனமில்லை, அடுத்த ஏப்ரலில் எடு. இப்போதைக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உன் இனிஷியல் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து வை. வேறு வேறாக இருந்தால் விண்ணப்பம் திறப்பதற்குள் திருத்திவிடு.